ஒரே இடத்துல செத்துச் செத்து ஆடறதுல அப்படி என்னதான் இருக்குது?

பல்லடம் பக்கம் தறி வைத்திருக்கும் ஒரு அக்கா கேட்ட கேள்வி இது: "பையன் பத்தாவது படிக்கிறானுங்க. போன்ல ஒரு சதுரக்கட்டை ஓடீட்டே இருக்குது, முள்ளு மேல பட்டா வெடிச்சுப் போகுது, மறுபடியும் மொதல்ல இருந்து. பொழுதோட நான் கும்மி பழகப் போறப்ப ஆரம்பிக்கிறான், திரும்பி வந்து பாத்தா அதே முள்ளு, அதே பாட்டு. ஜெயிக்கவும் மாட்டேங்கிறான், விடவும் மாட்டேங்கிறான். இதுல அப்படி என்னதான் இருக்குதுங்க?"

அக்கா, நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது ஜியோமெட்ரி டேஷ். ஸ்வீடனைச் சேர்ந்த ராபர்ட் டோபாலா தனி ஆளாக உருவாக்கி 2013 ஆகஸ்டில் போனுக்கு வெளியிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் கம்ப்யூட்டருக்கும் வந்தது. விதி ரொம்பச் சின்னது. கட்டை தானாக வலப்பக்கம் ஓடும், திரையைத் தொட்டால் குதிக்கும், முள்ளிலோ சுவரிலோ பட்டால் வெடிக்கும், வெடித்தால் முதலில் இருந்து. நிறுத்த முடியாது, மெதுவாக்க முடியாது, பின்னால் போக முடியாது. (2023 டிசம்பரில் வந்த பதிப்பில் இடம் வலம் நம் இஷ்டத்துக்கு நடக்கிற வகையையும் சேர்த்தார்கள். உங்கள் பையன் ஆடுவது பழைய வகைதான்.)

"அதே பாட்டு" என்று சலித்துக்கொண்டீர்கள் பாருங்கள், பதில் அங்கேதான் இருக்கிறது. அவன் ஒரு பாட்டை விரலால் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முள் தெரிகிறது, ஆடுகிறவனுக்குத் தாளம் தெரிகிறது.

எப்படி என்று சொல்கிறேன். சாதாரண வேகத்தில் அந்தக் கட்டை நொடிக்கு 10 கட்டத்துக்குக் கொஞ்சம் அதிகமாக நகரும் (ஒரு கட்டம் என்பது அந்தக் கட்டையின் அகலம்). வேகம் ஆடுகிறவர் கையில் இல்லாததால் தூரமும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. நிமிடத்துக்கு 120 தாள அடி விழுகிற பாட்டு என்றால் அரை நொடிக்கு ஓர் அடி. திரையில் அதைக் கட்டமாக எண்ணினால் ஏறக்குறைய 5 கட்டத்துக்கு ஓர் அடி. அந்த இடத்தில் ஒரு முள்ளை நட்டுவிட்டால், அடி விழும்போது குதித்தே ஆக வேண்டும். லெவல் (ஒரு பாட்டுக்கான ஓட்டப் பாதை) கட்டுகிறவர்களுக்கு ஆட்டத்துக்குள்ளேயே இதற்கு ஒரு வசதி இருக்கிறது. பாட்டை ஓடவிட்டு, அடி விழும்போதெல்லாம் தட்டிக்கொண்டே போனால் தட்டிய இடங்களில் செங்குத்தாகக் கோடு விழும். அந்தக் கோடுகளைப் பார்த்து முள்ளையும் மேடையையும் வைப்பார்கள். அதனால் நல்ல லெவல் ஒன்று கிட்டத்தட்டப் பாட்டை எழுதி வைத்த தாள் போலத்தான்.

பாட்டை அமைதியாக்கிவிட்டு ஆடச் சொல்லிப் பாருங்கள், பையன் தடுமாறுவான். கண்ணில் ஒன்று பட்டு விரல் அசைய கிட்டத்தட்டக் கால் நொடி ஆகிறது. அதற்குள் கட்டை இரண்டு கட்டத்துக்கு மேல் போயிருக்கும். முள் வருவது திரையில் முன்கூட்டியே தெரியும்தான். ஆனால் மூன்று முள் சேர்ந்து நிற்கும் இடத்தில் கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் கதை முடிந்தது. "வருது வருது" என்று சொல்லக் கண் போதும், "இப்போ" என்று சொல்லக் காதுதான் வேண்டும். தாளத்தோடு விரல் தட்டச் சொல்லி ஆராய்ந்தவர்கள் பல தடவை கண்ட ஒன்று உண்டு: ஆட்கள் அடியைக் கேட்டுவிட்டுத் தட்டுவதில்லை, அடி விழுவதற்கு ஒரு நூலளவு முன்பே தட்டிவிடுகிறார்கள். அடுத்த அடி எங்கே விழும் என்று உடம்பு முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கும்மியில் பக்கத்து ஆள் கைதட்டிய சத்தம் கேட்டபின் நீங்கள் தட்டினால் என்ன ஆகும்? வட்டமே குலைந்துபோகும். எல்லார் கையும் ஒரே நேரத்தில் விழுகிறது என்றால், எல்லார் உடம்பும் அந்த அடியை முன்பே எதிர்பார்த்து நிற்கிறது என்று பொருள். வள்ளி கும்மி பழகும் முறையையும் நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் முதல் நாளே முழுப் பாட்டையும் ஆடச் சொல்வதில்லை. ஓர் அடவு, அது வரும் வரை அதுவேதான். பிறகு இரண்டாவது, அப்புறம் இரண்டையும் சேர்த்து. திரும்புகிற இடத்தில் யாரோ ஒருவருக்குக் கால் மாறும், "மொதல்ல இருந்து" என்பார். வாரக்கணக்கில் இப்படிப் பழகித்தானே அரங்கேற்றம். ஊர் மைதானத்தில் இருநூறு பேர் ஒரே சேலையில் சுற்றும்போது பார்க்கிறவர்களுக்கு அது சுலபமாகத் தெரிகிறது. பின்னால் எத்தனை 'மொதல்ல இருந்து' கிடக்கிறது என்று ஆடியவர்களுக்குத்தான் தெரியும். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, அவர் பெண்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்ததும் அந்தக் கௌரவத்துக்கு ஒரு காரணம். நீங்கள் பொழுதோட மைதானத்தில் செய்வதையும் பையன் திண்ணையில் உட்கார்ந்து செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வித்தியாசம் ஒன்றுதான் பெரிது: உங்களுக்குக் கூட ஆட ஆள் இருக்கிறது, அவனுக்கு இல்லை. அந்தக் குறை உண்மையான குறை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சரி, பழகுவது புரிகிறது, செத்துக்கொண்டே இருப்பதில் எரிச்சல் வராதா? வரும். ஆனால் ஆட்டம் அதைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கிறது. வெடித்த ஒரு நொடிக்குள் கட்டை மறுபடி ஓட ஆரம்பித்திருக்கும். 'நீ தோற்றாய்' என்று பெரிதாக எழுதி அழவைக்காது, பட்டன் எதையும் அழுத்தச் சொல்லாது. வருத்தப்பட நேரமே இல்லை. 2010இல் வந்த சூப்பர் மீட் பாய் என்ற ஆட்டம் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. ஒரு லெவலை ஜெயித்து முடித்ததும் நீங்கள் செத்த அத்தனை முயற்சிகளையும் ஒரே நேரத்தில் திரையில் ஓடவிட்டுக் காட்டும். நூறு உருவம் சேர்ந்து ஓடி ஒவ்வொன்றாக விழ, ஒன்று மட்டும் கரை சேரும். அதைப் பார்க்கிறவனுக்குத் தோற்றதெல்லாம் வீணாகப் போகவில்லை என்று தோன்றும்.

நேரத்தில் சாவு மலிவு, பாட்டில் சாவுக்கு விலை அதிகம். கட்டை வெடித்தால் பாட்டும் அங்கேயே அறுந்துவிடும். பல்லவி முடிந்து நல்ல இடம் வருகிறது, சட்டென்று நின்றுபோகிறது, மறுபடி முதல் வரி. லெவலில் எவ்வளவு தூரம் வந்தான் என்ற சதவீதம் திரையின் மேலே ஓடும். பழைய எல்லையைத் தாண்டினால் 'நியூ பெஸ்ட்' என்று எழுதி எண்ணைக் காட்டும். 67 சதவீதம் என்பது வெறும் மார்க் இல்லை, பாட்டில் ஓர் இடம். அதற்கு அப்பால் பாட்டு எப்படிப் போகிறது என்று நேற்றுவரை அவன் ஆட்டத்தில் கேட்டதே இல்லை. இன்றைக்குக் கேட்டான், இரண்டு நொடி. அந்த இரண்டு நொடிக்குக் கிடைக்கிற சந்தோஷத்தை வெளியே இருக்கும் நமக்கு அளக்கத் தெரியாது. லெவல் முடிவது என்றால் பாட்டை ஒரு தடவையாவது முழுதாகக் கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். யூட்யூபில் போட்டால் அதே பாட்டு முழுதாகக் கிடைக்கிறதே என்பீர்கள். அது ஓசியில் வந்தது, இது சம்பாதித்தது.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. பழகுவதற்கென்று 'பிராக்டிஸ் மோட்' வைத்திருக்கிறார்கள். அதில் நடுநடுவே பச்சை வைரக்கல் போல அடையாளம் விழும், செத்தால் அங்கிருந்து தொடரலாம். ஆனால் அந்த மோடில் லெவலின் பாட்டு ஓடாமல் வேறொரு மெல்லிசை ஓடும். கண்ணும் விரலும் பழகும், காது பழகாது. பையன்கள் பிராக்டிஸில் கடைசிவரை போய்விட்டு நிஜ ஆட்டத்தில் பாதியில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பின்னால் வந்த பதிப்பில் அசல் பாட்டையே பிராக்டிஸிலும் ஓடவைக்க வழி செய்தார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் லெவலைப் பிரதி எடுத்து, கஷ்டமான இடத்துக்கு முன்னால் புறப்படும் புள்ளியை வைத்துக்கொண்டு அந்தத் துண்டை மட்டும் பழகுவார்கள். அதில் பாட்டும் அந்த இடத்திலிருந்தே ஓடும். உங்கள் பையன் "அறுபதுலிருந்து நூறு போயிட்டேன்" என்று யாரிடமாவது போனில் சொன்னால் அது இதுதான்.

ஆட்டத்தோடு வருகிற லெவல்கள் இருபதுக்குக் கொஞ்சம் மேல். அவற்றை முடித்தவர்கள் நிற்கிற இடம் அதுவல்ல. ஆடுகிறவர்களே கட்டி ஏற்றியவை எண்ண முடியாத அளவு கிடக்கின்றன. கடினமானவற்றுக்கு 'டீமன்' என்று பெயர், அதிலும் ஈஸி, மீடியம், ஹார்ட், இன்சேன், எக்ஸ்ட்ரீம் என்று ஐந்து படி. ஒரு நல்ல கட்டுப்பாடு இருக்கிறது: கட்டியவரோ அவர் சார்பில் ஒருவரோ முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் முடித்துக் காட்டாமல் லெவலை வெளியிட முடியாது. ஆக, யாரும் ஏமாற்றாதவரை, "முடியவே முடியாது" என்ற லெவல் பட்டியலிலேயே இருக்காது. யாரோ ஒரு மனிதன் முடித்திருக்கிறான். பிளட்பாத் என்ற லெவலைப் பலர் துண்டு துண்டாகக் கட்டினார்கள், ரயட் என்ற பெயரில் ஆடுபவர் 2015இல் முடித்துக் காட்டினார். அப்போது அதை உச்சம் என்றார்கள். இன்றைக்கு அதைவிடப் பல மடங்கு கடினமானவை வந்துவிட்டன. "அவன் முடிச்சிருக்கான், அப்ப என்னாலயும் ஆகும்" என்கிற எண்ணம்தான் பையன்களைப் பிடித்து உட்காரவைக்கிறது.

ஆனால் கடினம் என்பதற்காகவே எல்லாம் நல்லதென்று ஆகிவிடாது. பாட்டுக்கும் முள்ளுக்கும் சம்பந்தமே இல்லாமல், கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தை அள்ளிக் கொட்டி, நூலிழை இடைவெளியில் நுழையச் சொல்லும் லெவல்கள் ஏராளம். அவற்றை முடிப்பவர்களின் பொறுமைக்குக் கும்பிடு போடலாம். எனக்கு அவை அலுப்புத்தான். ஆட்டத்தோடு வருகிற பழைய லெவல்களில் டிஜே நேட், வாட்டர்ஃபிளேம் போன்றவர்களின் பாட்டுக்கு அமைத்தவற்றை ஆடிப் பார்த்தால் வித்தியாசம் விரலிலேயே தெரியும். பாட்டு ஏறும்போது கட்டை கப்பலாகிப் பறக்கும், பாட்டு உடையும்போது தரை தலைகீழாகும்.

தாளத்தோடு ஓடிக் குதிக்கும் ஆட்டம் இது ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். கட்டை ஓடி முள்ளைத் தாண்டும் அமைப்பே 2009இல் வந்த தி இம்பாசிபிள் கேமில் இருந்தது. அதற்கும் பத்து வருஷம் முன்பு, 1999இல், ஜப்பானில் வெளியான விப்-ரிப்பன் என்னை இன்றும் வியக்கவைப்பது. கறுப்புத் திரை, ஒற்றை வெள்ளைக் கோடு, அதில் நடக்கிற ஒரு கோட்டு முயல், அவ்வளவுதான். ஆட்டம் முழுவதும் பிளேஸ்டேஷன் என்ற விளையாட்டுப் பெட்டியின் நினைவகத்துக்குள் அடங்கிவிடும். பிறகு அந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு உங்கள் வீட்டுப் பாட்டு சிடியைப் போட்டால், அந்தப் பாட்டையே அலசி, அதற்கேற்பப் பள்ளமும் மேடும் போட்டுக் கொடுக்கும்.

2010இன் பிட்.டிரிப் ரன்னர் வேறு வழியில் போனது. அதில் நீங்கள் தாண்டுவதும் குனிவதும் தங்கக்கட்டியை எடுப்பதுமே சுரமாகக் கேட்கும். வழியில் சிவப்பு அடையாளங்களைப் பிடிக்கப் பிடிக்கப் பாட்டில் வாத்தியம் கூடிக்கொண்டே போகும். ஜியோமெட்ரி டேஷில் நாம் பாட்டுக்குப் பின்னால் ஓடுகிறோம், இதில் பாட்டு நமக்குப் பின்னால் வருகிறது. 2013இன் ரேமன் லெஜண்ட்ஸில் ஒவ்வொரு உலகத்தின் முடிவிலும் ஒரு பாட்டு லெவல் வரும். குதிப்பது, சறுக்குவது, எதிரியை அடிப்பது எல்லாம் தாளத்தில் விழும். அது ரொம்பக் கஷ்டமில்லை, குடும்பத்தோடு ஆடலாம். அதே ஆண்டு வந்த '140' என்ற ஆட்டத்தில் ஓடவே வேண்டாம். மேடைகள் தாளத்துக்கு நகரும், நீங்கள் நின்று கேட்டுவிட்டுக் கால் வைக்கலாம். கஷ்டமான ஆட்டம் வேண்டும், ஆனால் கொஞ்சம் கருணையும் வேண்டும் என்பவர்களுக்கு 2018இல் வந்த செலஸ்ட். தாள ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் கண்சிமிட்டும் நேரத்துக்குக் குதிக்க விடுகிற மாதிரி உள்ளுக்குள் பல சலுகைகள் வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும்: இது ஆன்லைன் ரம்மி மாதிரி ஆளை விழுங்குகிற சமாச்சாரமா? இல்லை. அதில் சீட்டு எப்படி விழும் என்று யாருக்கும் தெரியாது, அடுத்த கை நல்லதாக விழும் என்ற ஆசைதான் இழுக்கிறது. பணமும் போகிறது. இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. முள் நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கும். போன வாரத்தைவிட இந்த வாரம் தூரம் போனான் என்றால் அது அவன் விரலும் காதும் கற்றது மட்டும்தான். அதே சமயம் இதனால் கணக்கு நன்றாக வரும், மூளை கூர்மையாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு லெவலில் கற்றது பெரும்பாலும் அந்த லெவலுக்குத்தான், மிஞ்சினால் அடுத்த லெவலுக்கு. நேரத்துக்கு எல்லை வைப்பது உங்கள் உரிமை, பத்தாவது வருஷத்தில் வைக்கவும் வேண்டும். அந்த எல்லையை அவன் பாஷையில் சொன்னால் வேலை ஆகும்: விரல் பழகும் விஷயங்களில் தூக்கம் கை கொடுக்கிறது என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு வராத இடம் காலையில் நாலாவது தடவையில் வந்துவிடுவது ஆடுகிறவர்களுக்குப் பழக்கமான அனுபவம். "இன்னிக்குப் போதும் கண்ணு, தூங்கி எந்திரிச்சா தானா வரும்" என்று சொன்னால் அது மிரட்டலும் இல்லை, பொய்யும் இல்லை.

தறி ஓடுகிற வீடு என்பதால் இன்னொன்று. போனின் ஸ்பீக்கரை வைத்துத் தறிச் சத்தத்துக்குள் ஆடினால் அடி காதில் விழாது, அவன் வெறும் கண்ணால்தான் ஆடிக்கொண்டிருப்பான். ப்ளூடூத் ஹெட்போனும் இதற்கு ஆகாது. சத்தம் காதுக்கு வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து அதற்கு மேலும் தாமதமாகலாம். சினிமா பார்க்கும்போது ஆப்கள் அதைச் சரிக்கட்டிவிடும், இந்த ஆட்டத்தில் அந்தத் தாமதம்தான் சாவு. சாதாரண வயர் இயர்போன் ஒன்று போதும். உங்கள் வீட்டில் மாதக்கணக்காக அதே முள் என்றால் முதலில் நான் சந்தேகப்படுவது இதைத்தான். வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும் லெவல்கள் உண்டு. வலிப்பு வந்த சரித்திரம் வீட்டில் யாருக்காவது இருந்தால் ஆடவே விடாதீர்கள். மற்றவர்கள் அலங்காரத்தைக் குறைக்கிற 'லோ டீடெயில்' வசதி இருக்கிற லெவல்களில் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

கூட ஆள் இல்லாத குறைக்கு வருகிறேன். அதற்கு மருந்து உங்களிடமே இருக்கிறது. இதே ஆட்டத்தின் லைட் பதிப்பு இலவசம், விளம்பரம் வரும், எல்லா லெவல்களும் இருக்காது. உங்கள் போனில் ஏற்றி முதல் லெவலான ஸ்டீரியோ மேட்னஸைப் போடுங்கள். கட்டை செத்தால் பாட்டும் நின்றுவிடும் என்பதால், முதலில் யூட்யூபில் அந்தப் பாட்டை மட்டும் இரண்டு மூன்று தடவை கேளுங்கள். பிறகு கைதட்டுகிற இடத்தில் விரலை வையுங்கள். கும்மி அடிக்கிற கைக்கு முதல் 30 சதவீதம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். அங்கே கட்டை கப்பலாக மாறும். தொட்டுப் பிடித்திருந்தால் ஏறும், விட்டால் இறங்கும், தட்டுகிற பழக்கம் அங்கே உதவாது. அந்த இடத்தில் பையனைக் கூப்பிட்டு, எப்படி என்று சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்.